கதவு சாத்தக்கூடிய ஓர் அறை

வட சென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல ஒரு குழுவில் இருக்கிற அம்மாதான். கொருக்குப்பேட்டைக்காரி. நம் கூட்டங்களில் என்ன பேசுகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, மழை பெய்தால் வகுப்புக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, பொழுது சாய்ந்தால் வெளியாட்கள் சுவரேறிக் குதித்து உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பிள்ளைகள் ஓர் ஆளிடம் தனியாக உட்கார்ந்து மனசு விட்டுப் பேச, ஒவ்வொரு பள்ளியிலும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும்.

அறை இருந்தால் போதுமா? போதாது. ஆனால் அறையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதில் வருவது என் மகளின் கதை. இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். இரண்டு இடங்களைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அடித்தது அடித்ததுதான், அவை இங்கே இல்லை.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. அப்புறம் செவ்வாயும் வந்தது. சனி, ஞாயிறு மட்டும் வராது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கண்ணு பட்டிருக்கிறது என்று மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். தர்காவுக்கு அழைத்துப் போய் ஓதிக் கயிறு கட்டினோம். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எடுத்தோம். எல்லாம் நார்மல் என்று வந்தது. அந்த ‘நார்மல்’தான் வீட்டில் நெருப்பைப் பற்ற வைத்தது. “ஒண்ணும் இல்லன்னா நடிக்கிறாளா அப்போ?” என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கை நீட்டிவிட்டார். இதை எழுதலாமா என்று அவரிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுது என்றார்.

அவள் நடிக்கவில்லை. வலி நிஜமான வலி. பயம் வந்தால் முதலில் கலங்குவது வயிறுதான். அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? பெரியவர்களுக்கு அதைப் பயம் என்று சொல்லத் தெரியும். பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் “வயிறு வலிக்குதும்மா” என்பதுதான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிவதற்குள் நமக்கு ஆயுசு பாதி போய்விடும். இந்தப் பெண் பள்ளிக்கு நடக்கும்போதெல்லாம் கேட் போட்டிருக்க வேண்டும், வண்டி நீளமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடப்பாளாம். பின்னாளில் சொன்னாள். நாம் எல்லாரும் வண்டியைத் திட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தில், கேட் திறக்கவே கூடாது என்று சாமி கும்பிட்டுக்கொண்டு ஒரு பிள்ளை நின்றிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை.

கவுன்சிலிங் போகச் சொல்லி ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல் நம் பக்கம் படும் பாட்டை என்ன சொல்ல! பக்கத்து வீட்டு அக்கா, “ஒம்பதாவதுக்கே கவுன்சிலிங்கா? இன்ஜினியரிங்குக்குத்தான இருக்கும்?” என்றார். என் மாமியாரோ கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து, அப்படியே தெருக்குழாய் விஷயத்தையும் சொல்லிவிட்டு வரச் சொன்னார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்துக்கு நம் வாயில் பெயரே இல்லாதபோது, அதைத் தேடி யார் போவார்கள்?

ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஓபி சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், சின்ன வயசுப் பெண் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மருந்து எழுதும் மனநல மருத்துவர் வேறு, பேச்சின் வழியாகவே சிகிச்சை தருகிற உளவியலாளர் வேறு, தான் இரண்டாவது என்று முதலில் அதைத் தெளிவாகச் சொன்னார். அப்புறம் என்னையும் மகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டே ஒரு விதி சொன்னார். இங்கே பாப்பா பேசுவது அம்மாவிடம்கூடப் போகாது. அவள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன். யாராவது அவளிடம் தப்பாக நடந்துகொண்டிருந்தால், போக்சோ சட்டப்படி நான் சொல்லியே ஆக வேண்டும். இவை தவிர எதையும் சொல்ல மாட்டேன். இப்படிச் சொல்லிவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

அந்தக் கதவைத்தான் உங்களிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். சாதாரண மரக் கதவு. தலை உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்தால் உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரியும், குரல் மட்டும் கேட்காது. என் மகளின் பின்னலும் முதுகும் தெரிந்தன. பத்து நிமிஷம் அவள் வாயே திறக்கவில்லை போலிருந்தது. அந்தப் பெண்ணும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெட்டியாக உட்காரவா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று எனக்குக் கடுப்பு. அப்புறம் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்ததும், “இன்னா கேட்டாங்க?” என்றேன். “சும்மா பேசினோம்.” சும்மா பேச முக்கால் மணி நேரமா? பெற்றவளிடம் சொல்லாததை நேற்று பார்த்த பெண்ணிடம் சொல்கிறாளே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. பொய் சொல்லவில்லை, பொறாமைதான்.

யோசித்துப் பார்த்தால், என்னிடம் அவள் எங்கே வைத்துச் சொல்வாள்? எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையல்கட்டும். ஐந்து பேர் இருக்கிறோம். வாசலுக்குத் திரைச்சீலைதான். நான் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து ‘நூறாயுசு’ என்று குரல் வரும். நம் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் காசிமேடு சந்துகளிலும் பிள்ளைகள் அழ வேண்டும் என்றால் பாத்ரூமுக்குள் போய்த்தான் அழ வேண்டும், அங்கேயும் வெளியே ஒருத்தர் தட்டிக்கொண்டு நிற்பார். அண்ணா நகர்ப் பிள்ளைக்குத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது. நம் பிள்ளைக்கு அந்தக் கதவை யாராவது கொடுத்தால்தான் உண்டு.

அப்புறம் பன்னிரண்டு வியாழக்கிழமைகள் போனோம். எம்.சி. ரோட்டில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஒவ்வொரு முறையும் அரைநாள் பிடித்துக்கொண்டார்கள். சிகிச்சை இலவசம்தான், போய்வருவது இலவசமில்லை. எங்களோடு காத்திருந்த பல அம்மாக்கள் மூன்றாவது வாரம், நான்காவது வாரம் வரவில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என்ன செய்தார்கள் என்பது எனக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வழியாகத்தான் தெரியும். அதில் மகள் ஓர் ஏணி வரைந்திருந்தாள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பத்துக்கு எத்தனை பயம் என்று ஓர் எண். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டிலேயே அரை மணி நேரம் உட்காருவது: 3. ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவது: 4. பள்ளி வாசலில் நிற்பது: 6. முதல் இரண்டு பீரியட் மட்டும் இருந்துவிட்டு வருவது: 8. உச்சிப் படியில், வகுப்பில் எழுந்து நின்று இங்கிலீஷ் பாடம் வாசிப்பது: 10.

ஆக, அத்தனைக்கும் வேர் அங்கே இருந்திருக்கிறது. ஒருநாள் ஒரு வார்த்தையைத் தப்பாக வாசித்திருக்கிறாள், வகுப்பே சிரித்திருக்கிறது. இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வயதில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் உலகம். உணர்ச்சி கொதிக்கிற மூளைப் பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் ஓடும், நிதானம் சொல்கிற முன்பகுதி முதிர இருபத்தைந்து வயதுவரைகூட ஆகும் என்று உளவியலாளர் விளக்கினார். வண்டி கிளம்பிவிட்டது, பிரேக் இன்னும் மாட்டவில்லை என்று என் வீட்டுக்காரர் அதைத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. வயிறு வலிக்கிறது என்றதும் ‘சரி, இன்னிக்கு லீவு போடு’ என்று நான் சொல்வேன். உடனே அவள் முகம் தெளியும், எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்தை வளர்த்திருக்கிறது. தப்பித்த ஒவ்வொரு நாளும், ‘போயிருந்தால் செத்தே போயிருப்பேன்’ என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. போய் நின்று, பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருந்தால்தான் அந்தக் கணக்கு அழியும். அதுவும் ஒரே நாளில் இல்லை, ஒரு படி தாண்டி அடுத்த படி. அவள் ரயில்வே கேட் வரை போய்விட்டுத் திரும்பிய அன்று, வந்ததும் நோட்டை எடுத்து நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள்.

எங்களையும் இரண்டு முறை உட்கார வைத்துப் பேசினார்கள். ராத்திரி ஏன் தூங்க மாட்டேன் என்கிறாள் என்று கேட்டோம். அந்த வயதில் உடம்புக்குத் தூக்கம் வரும் நேரமே இரண்டு மணி நேரம் போலத் தள்ளிப் போய்விடுமாம், அது திமிர் இல்லையாம். பத்தரை மணி வரை ஹாலில் சீரியல் ஓடினால் பிள்ளை எங்கே தூங்கும் என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். மாமியார் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

எட்டாவது வாரம் அவள் வகுப்புக்குள் போய்விட்டாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தப் பள்ளி, எந்த டீச்சர் என்று சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அன்போடுதான், எல்லார் முன்னாலும் சொன்னார்: “இவ கவுன்சிலிங் எடுத்துக்கிட்டு வந்திருக்கா, யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.” மறுநாள் அவள் பெயர் ‘கீழ்ப்பாக்கம்’ ஆகிவிட்டது. ஏணியில் ஏறியவள் மறுபடியும் கீழே. மூன்று வாரம் போனது.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் இன்றைய இடம் அது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் பல ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே வந்து தேறிப் போயிருக்கிறார்கள். நமக்கு மட்டும் அந்த ஊர்ப் பெயர் இன்னும் ஒரு வசவு. அதை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்துதான் கற்றார்கள், என் வாயும் அதில் சேர்த்தி.

சிகிச்சையில் இருப்பவரின் விஷயங்களை ரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. சட்டத்தை விடுங்கள். இன்றைக்கு நம் பள்ளிகளில் கவுன்சிலிங் என்ற பெயரில் என்ன நடக்கிறது? நானூறு பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து மைக்கில் ஒருத்தர் தன்னம்பிக்கை பேசுகிறார். அது கூட்டம். முடியை ‘புள்ளிங்கோ’ மாதிரி வெட்டிக்கொண்டு வந்த பையனை நிறுத்தி, ‘இவனுக்கு கவுன்சிலிங் கொடுக்கணும்’ என்கிறார்கள். அது தண்டனை. இப்படித் தண்டனையாகச் சொல்லிச் சொல்லி வைத்தால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் எந்தப் பையன் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வருவான்? பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தது நல்ல யோசனைதான். எங்கள் பள்ளியில் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் இருக்கிறது. அதில் சீட்டுப் போடுகிற பிள்ளைக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணா கேட்டார்: “டீச்சருங்களே பேசக் கூடாதா? தனியா ஒரு ஆள் எதுக்கு?” நல்ல கேள்வி. பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 70க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற வெளியாள் ஒருவரை ஆலோசகராக வைத்தார்கள். பெரிய பட்டம் வாங்கியவர் இல்லை, சாதாரண ஆள்தான். வேறு சில பள்ளிகளில் அதே வேலையை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். தனி ஆள் இருந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் வம்பிழுப்பதும் குறைந்தது. ஆசிரியரே செய்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமில்லை. ஆசிரியர்கள் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல். அதுவும் போக, மார்க் போடுகிறவரிடம் யார் போய் மனசைத் திறப்பார்கள்?

2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக வந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர். அந்த மூவரில் அழுகிறவரை நாம் கண்டுபிடித்துவிடுவோம். எரிந்து விழுகிறவனை? வளரும் வயதில் மனச்சோர்வு பலநேரம் சோகமாக வருவதில்லை, எரிச்சலாகவும் கோபமாகவும் வருகிறது. நம் பக்கத்துப் பையன்களை முறைப்பானவர்கள் என்றே ஊர் முடிவுகட்டி வைத்திருப்பதால், அது நோயா திமிரா என்று ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூல் லிப் புகையிலையிலும் போதை மாத்திரையிலும் போய் நின்ற பிறகு போலீஸ்தான் பார்க்கிறது.

பையன்கள் பேச மாட்டார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் கேரமில் உலகப் பட்டம் வாங்கியது நம் எல்லாருக்கும் பெருமை. அந்த மாதிரி கேரம் கிளப் ஒன்றில் என் தம்பி சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறான். தினமும் அதே நேரம், அதே அண்ணன், அதே பலகை. ஒரு வார்த்தை பேசாத பையன் மூன்றாவது மாதம் காயை அடுக்கிக்கொண்டே, “அண்ணா, வீட்ல அப்பா...” என்று ஆரம்பிப்பான் என்கிறான் தம்பி. அவன் உளவியலாளர் இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு போன் பண்ணுவான். ஆனால் ஆள் மாறாமல், நேரம் மாறாமல் இருந்தால்தான் வாய் திறக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாதம் ஒரு புது ஆளை அனுப்பிப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு அது தெரியவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கிற அப்பாவை அந்த அறை திருத்தாது. எண்ணூர்க் காற்றைச் சுத்தம் செய்யாது. வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் அதைத் தடுக்காது. சில பிள்ளைகளுக்குப் பேச்சு மட்டும் போதாமல் மருந்தும் தேவைப்படும், அதற்கு ஸ்டான்லி மாதிரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் இல்லையா? அதுவரை 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டாமல் கழிப்பறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். தனியாக நின்று படிக்க நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வேறு இடம் கிடையாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது நம் குழுவின் வேலை. அதில் எழுதுங்கள்: ஓர் அறை, வாரத்தில் குறிப்பிட்ட நாளில், வருஷம் முழுவதும் அதே ஆள், அந்த அறைக்குப் போய்வருவதற்கு வருகைப் பதிவேட்டில் குறிப்பு எதுவும் கிடையாது. ஆளை அனுப்புங்கள் என்று மாநகராட்சியிடமும் கல்வித் துறையிடமும் கேட்போம். உட்கார இடம் எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. உடைந்த பெஞ்சுகளும், சைக்கிள் வந்த அட்டைப் பெட்டிகளும், போன ஆண்டுவிழா பேனரும் கிடக்கின்றன. ஃபேன் இருக்கிறது, ஓடுகிறதா என்று தெரியாது. கதவு தகரம், கீழே துருப்பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். போன வாரம் என்னோடு வந்து கதவை அளந்துவிட்டுப் போனார். தலை உயரத்தில் ஒரு சாண் வெட்டிக் கண்ணாடி பதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாம், கூலி வேண்டாம் என்கிறார். வரும் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன். உங்கள் பள்ளியிலும் மாடிப்படிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
கொருக்குப்பேட்டை